பிள்ளை பிறந்தபின் யார் வேலைக்கு, யார் வீட்டில்? மல்லாவி ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வியின் சாரம் இதுதான். வன்னியில், மல்லாவியில் இருக்கும் ஆசிரியை ஒருவருக்கு இன்னும் இரண்டு மாதத்தில் முதல் பிள்ளை பிறக்கப்போகிறது. கணவருக்கு வவுனியாவில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை. காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் போனால் இரவு ஏழுக்குத்தான் வீடு. நோர்வேயில் இருக்கும் மச்சாளின் கணவர் மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் நின்று பிள்ளை பார்த்தாராம். அதைக் கேட்ட மாமியார், "ஆம்பிளை பிள்ளை பார்க்கிற ஊர் எங்கை இருக்கு?" என்று சிரித்தாராம். இது எங்கள் பண்பாடா, வேறு எதுவுமா, மற்ற நாடுகளில் வேலையையும் பிள்ளையையும் எப்படிப் பிரிக்கிறார்கள், நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, மாமியாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஊர் இருக்கிறது. மத்திய ஆபிரிக்கக் காடுகளில் ஆக்கா என்றொரு வேட்டைச் சமூகம் வாழ்கிறது. பரி ஹியூலட் என்ற மானிடவியலாளர் 1980களில் அவர்களோடு போய்த் தங்கி, கைக்குழந்தைக்குப் பக்கத்தில் யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி நேரம், நூற்றுக்கு 47 என்கிற அளவில், தகப்பன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். தாய் வரும்வரை அழுகிற பிள்ளைக்குத் தன் மார்பையே சப்பக் கொடுத்த தகப்பன்மாரும் அங்கே உண்டு. இந்தக் கடைசி விசயத்தை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆக்காக்களுக்கு அயலிலேயே பயிர்ச்செய்கை செய்யும் இன்னொரு சமூகம் இருக்கிறது. ஒரே காடு, ஒரே மழை. ஆனால் அந்தத் தகப்பன்மார் கைக்குழந்தையோடு இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆக்காக்கள் வலை கட்டி வேட்டையாடுகிறவர்கள். அதற்கு ஆண், பெண், பிள்ளை எல்லாரும் ஒன்றாகக் காட்டுக்குப் போக வேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே பிள்ளையும் இருப்பதால் தகப்பன் தூக்குகிறான். மற்றவர்களின் வேலை ஆணையும் பெண்ணையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆக, பண்பாடு என்று நாங்கள் பெயர் வைத்திருப்பதில் பெரும் பகுதி வேலை எங்கே நடக்கிறது என்பதோடு போகிறது. மிச்சப் பகுதி லீவுச் சட்டத்தோடு போகிறது. உங்கள் மச்சாளின் கதை அந்தச் சட்டத்தின் கதை.

நோர்வேக்காரர் பிறவியிலேயே பிள்ளை தூக்கிகள் அல்லர். 1993 வரை அங்கேயும் தகப்பனுக்கு லீவு எடுக்க உரிமை இருந்தது. எடுத்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர் இருந்தாலே அதிகம். அந்த வருடம் அரசு ஒரு சிறிய மாற்றம் செய்தது. மொத்த லீவில் 4 கிழமையைத் தகப்பனுக்கென்று ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் தாய்க்கு மாற்ற முடியாது, அந்த 4 கிழமையும் அப்படியே போய்விடும் என்றார்கள். சில வருடங்களுக்குள் பெரும்பாலான தகப்பன்மார் லீவில் நின்றார்கள். அவர்களின் மனம் அதற்குள் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காசோடு வருகிற லீவை யார் விடுவார்கள்? அந்த ஒதுக்கீடு இப்போது முழுச் சம்பளத்தோடு 15 கிழமை. மச்சாளின் கணவர் நின்ற மூன்று மாதத்துச் சொச்சம் அதுதான்.

சுவீடன் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1974 இல் பிரசவ லீவைப் பெற்றோர் லீவாக மாற்றி, தாயும் தகப்பனும் விரும்பியபடி பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்ன முதல் நாடு அது. பிரித்தார்களா? முதல் வருடத்தில் தகப்பன்மார் எடுத்தது மொத்த நாட்களில் நூற்றுக்கு அரை நாள். இருபது வருடம் கழிந்தும் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நின்றது. 1995 இல் ஒரு மாதம் ஒதுக்கினார்கள், 2002 இல் இரண்டாவது மாதம், 2016 இல் மூன்றாவது. இப்போது ஒரு பிள்ளைக்கு 480 நாள். அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்ற முடியாது. தகப்பன்மாரின் பங்கு மூன்றில் ஒன்றைக் கிட்டியிருக்கிறது. சமத்துவத்துக்குப் பெயர்போன நாட்டிலேயே, ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பாதி வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

"விரும்பியபடி பிரியுங்கள்" என்றால் ஏன் பிரிகிறதில்லை? வீட்டுக் கணக்குத்தான் காரணம். லீவுக் காசு சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த சம்பளக்காரர் வீட்டில் நிற்பது குடும்பத்துக்கு லாபம். அநேகமாக எல்லா ஊரிலும் அது மனைவிதான். அவர் நிற்பார், அதனால் அவருக்குப் பதவி உயர்வு பிந்தும், சம்பளம் இன்னும் பின்னுக்குப் போகும். அடுத்த பிள்ளைக்கு அதே கணக்கு இன்னும் உறுதியாக அவரையே வீட்டில் இருத்தும். டென்மார்க்கில் பல வருடத்துப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, முதல் பிள்ளைக்கு முன் ஆணும் பெண்ணும் ஒரே போக்கில் சம்பாதித்து வந்தார்கள். பிள்ளை பிறந்தபின் தாயின் வருமானம் நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கீழே போயிற்று. தகப்பனுடையது அசையவில்லை. டென்மார்க்கிலேயே இப்படி.

ஜப்பானில் காகிதத்தில் தகப்பனுக்கு உலகத்திலேயே நீளமான லீவுகளில் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ ஒரு வருடம். 2012 அளவில் அதை எடுத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். மேலதிகாரி முகம் சுளிப்பார், வேலை மற்றவர் தலையில் விழும் என்ற பயம். 2022 இல் சட்டத்தை மாற்றி, பிள்ளை பிறக்கப்போகும் ஊழியரிடம் முதலாளியே போய் "லீவு எடுக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும் என்றார்கள். பிரசவத்தை ஒட்டிய 4 கிழமை லீவு ஒன்றையும் தனியாகக் கொடுத்தார்கள். 2024 இல் எடுத்தவர்கள் நூற்றுக்கு 40. கேட்கப் பயந்தவனிடம் கேள்வி தானே தேடி வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்து இருக்கும் நாடுகளிலும் இதே கதை வேறு வேறு உருவத்தில் நடக்கிறது. சுவிஸில் தாய்க்கு 14 கிழமை, தகப்பனுக்கு 2021 வரை சட்டப்படி தனி லீவே இல்லை. 2020 செப்டம்பரில் சனங்கள் வாக்களித்த பிறகுதான் 2 கிழமை வந்தது. குழந்தை பராமரிப்பு நிலையத்துக்கு ஒரு சம்பளம் போய்விடும் நாடு அது. அதனால் அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தாமாகவே முறைவேலை வைத்துக்கொண்டன. தகப்பன் பகலில் உணவகக் குசினியில், தாய் பின்னேரத்தில் அலுவலகம் துப்புரவாக்கப் போவார். இருவரும் வாசலில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்வார்கள். அந்தத் தலைமுறையில் எத்தனையோ தமிழ்த் தகப்பன்மார் பிள்ளைக்குச் சோறு தீத்தி, கழுவி, படுக்கவைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அதைப்பற்றி வாய் திறக்கமாட்டார்கள், அது வேறு விசயம்.

கனடாவில் மத்திய அரசின் திட்டப்படி தாய்க்கு 15 கிழமை, அதன் பிறகு பெற்றோர் லீவு. 2019 இலிருந்து இருவரும் பகிர்ந்தால் மட்டும் மேலதிகமாக 5 கிழமை கிடைக்கும். கிடைக்கும் காசு சம்பளத்தில் 55 வீதம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு. அதைப் பெற 600 மணித்தியாலம் காப்புறுதி கட்டிய வேலை செய்திருக்க வேண்டும். கைக்காசுக்கு வேலை செய்கிறவருக்கு ஒன்றும் இல்லை. ஸ்காபுறோவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இந்த ஓட்டையை எப்படி அடைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் அம்மம்மாவை விசிட்டர் விசாவில் கூப்பிடுகிறார்கள். பனிக் காலத்தில் ஒன்பதாம் மாடியில் பேரப்பிள்ளையோடு அடைந்திருக்கும் அந்த அம்மாவின் உழைப்பு எந்த நாட்டின் கணக்கிலும் வராது.

சரி, வன்னிக்கு வருவோம். இங்கே பிரிவினை இரண்டு பேருக்கு இடையில் நடக்கவே இல்லை. தாய், தகப்பன் என்று பேசுகிறோம், உண்மையில் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் இடையில்தான் பிள்ளை பிரிகிறது. சீதன வீடு மகளுக்குப் போகிற வழக்கத்தால் மகள் தாயின் வளவிலேயோ அடுத்த வளவிலேயோ இருக்கிறாள். பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு, சரக்குக் கறி, வேது குளிப்பு எல்லாம் அம்மம்மாவின் கையில். அந்த ஒரு மாதம் தகப்பன் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரித்தான். நாகரிகமாக ஒதுங்கி நிற்கிறார், மருந்துக்கும் பம்பேர்ஸுக்கும் ஓடுகிறார். 31 கழிந்த பிறகும் அந்த ஒதுங்கல் அப்படியே நின்றுவிடுகிறது. தாய்க்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் பிள்ளை பெறும் வட இந்தியப் பெண்ணைவிட எங்கள் பெண்ணுக்கு இந்த விசயத்தில் நல்ல காலம்.

ஆனால் அந்த ஏற்பாடு அம்மம்மா இருக்கிறார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எத்தனை வீட்டில் அந்த அம்மம்மா இல்லை? இருந்தாலும், மகனை இழந்தவராகவோ, காயப்பட்டவராகவோ, இன்னொரு மகளின் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்ப்பவராகவோ இருப்பார். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து காணி துப்புரவாக்கி, வீட்டுத்திட்டத்தில் சுவர் எழுப்பிய தலைமுறை இப்போது பிரஷர் குளிசையோடு பேரப்பிள்ளை தூக்குகிறது. தகப்பனே இல்லாத வீடுகளில் "எப்படிப் பிரிப்பது" என்ற கேள்விக்கே இடமில்லை. அரிவு வெட்டுக்குப் போகிற தாய் பிள்ளையை அயல் வீட்டில் விட்டுப் போகிறாள், அல்லது மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கிறாள். பெற்றோர் வேலைப் பிரிவினை பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் பலவற்றுக்கு இந்த வீடுகள் கண்ணில் படுவதே இல்லை.

அம்மம்மாவைச் சட்டம் கண்டுகொண்ட ஓர் இடம் உண்டு. சுவீடனில் 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் ஒவ்வொருவரும் தம் லீவில் 45 நாள் வரை பெற்றோர் அல்லாத ஒருவருக்கு, பேரன் பேத்தி பார்க்கும் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ, கொடுக்கலாம். அந்த நாட்களுக்கான காசு அவர் கைக்குப் போகும். எங்கள் ஊரில் இதைப் பற்றி யோசிக்கவே யாரும் இல்லை.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது என்று இப்போது பார்ப்போம். அரச ஊழியரான உங்களுக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். அதன் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தில், அதன் பிறகும் வேண்டுமானால் 84 நாள் சம்பளம் இல்லாமல். கடை, அலுவலக ஊழியருக்கும் 84 நாள். 2018 வரை மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதிதான் கிடைத்தது, அந்த வருடத் திருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாக்கியது. ஆடைத் தொழிற்சாலைப் பெண் வேறு சட்டத்துக்குள் வருகிறார். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி 12 கிழமை, சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் தொழிற்சாலை பஸ்ஸில் விடியப்புறம் ஏறுகிற பெண் அந்த 12 கிழமை முடிந்ததும் மூன்று மாதமும் நிரம்பாத குழந்தையை விட்டுவிட்டு ஏற வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதும், அந்தப் பஸ் வருகிற நேரமும் எப்படி ஒத்துப்போகும்? நாட்கூலிக்கு வயலிலும் தோட்டத்திலும் நிற்கிற பெண்ணுக்கு இதில் எதுவும் கைக்கு வருவதில்லை.

தகப்பனுக்கு? அரச ஊழியர் என்றால் 3 நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை, நிறுவனம் பார்த்துக் கொடுத்தால் உண்டு. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுவீடனிலும் கனடாவிலும் லீவுக் காசு பொதுக் காப்புறுதியிலிருந்து வருகிறது. இங்கே தனியார் துறையில் முழுதும் முதலாளியின் பையிலிருந்து போகிறது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 2000 ஆம் ஆண்டுச் சமவாயம் குறைந்தது 14 கிழமை வேண்டும் என்று சொல்வதோடு, அந்தச் செலவைத் தனித்தனி முதலாளி தலையில் போடக்கூடாது என்றும் சொல்வது இதனால்தான். முதலாளியின் செலவு என்றால், கலியாணமான இளம் பெண்ணை நேர்முகத்தில் பார்க்கும்போதே அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இலங்கையில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தொழில் சந்தையில் இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரே காரணம் இல்லை, ஆனால் ஒரு காரணம்.

எங்கள் அரசு பிள்ளை பார்ப்பது யார் வேலை என்று நினைக்கிறது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்டிய சட்டம் வேறொன்று. 2013 இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதிப்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. 2022 இல் நாடு டொலருக்குத் தவித்தபோது அதே வயதை 2 ஆகக் குறைத்தார்கள். தகப்பன்மாருக்கு அப்படி விதி ஒருநாளும் இருக்கவில்லை. கட்டாருக்குப் போகிற ஆணிடம் "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?" என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. வன்னியில் கடன்பட்ட வீடுகளில் இந்த விதி தாய்மாரை வீட்டில் இருத்தியதைவிட வேறு வழிகளில் போகத் தள்ளியது என்பதுதான் என் அபிப்பிராயம். அப்புறம், தாய் வெளிநாடு போன வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பன்மாரை நான் விசுவமடுவிலும் பார்த்திருக்கிறேன், நெடுங்கேணியிலும் பார்த்திருக்கிறேன். மாமியார் கேட்ட ஊருக்கு ஆபிரிக்கா வரை போகத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தகப்பனுக்கு நேரம் இல்லை என்பதுதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். வன்னியில் நேரம் உள்ள தகப்பன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். குளத்தில் தண்ணி இல்லாமல் சிறுபோகம் விடுபட்ட வருடத்தில், மாசி பங்குனியில் காலபோக வெட்டு முடிந்தால் அடுத்த விதைப்புக்கு ஐப்பசி வரை கிடக்கிறது. முல்லைத்தீவில் இரவுக் கடலுக்குப் போகிறவர் பகலில் வீட்டில்தான். ஆனால் ஏணையில் பிள்ளை அழுதால், அவர் தலையைத் திருப்பி "இஞ்சை, பிள்ளை அழுது" என்று குரல் கொடுப்பார். சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அழுகை பசியா, வயிற்றுக் குத்தா, நித்திரையா என்று அவருக்குத் தெரியாது. தெரியும்படி ஒருநாளும் விடப்படவில்லை. அவர் எழும்புவதற்குள் மூன்று பெண்கள் எழும்பிவிடுவார்கள்.

தகப்பன்மார் லீவு பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதை ஒட்டியதுதான். தாயும் வீட்டில் நிற்கும்போது தகப்பன் எடுக்கும் லீவும், தாய் வேலைக்குப் போய்விட்டபின் தகப்பன் தனியாகப் பிள்ளையோடு நிற்கும் லீவும் ஒன்றல்ல. முதலாவதில் அவர் கூடமாட நிற்பவர். இரண்டாவதில் பால், நித்திரை, காய்ச்சல், கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவருடையது. பழக்கம் மாறுவது இரண்டாவதில். கனடாவின் கியூபெக் மாகாணம் 2006 இல் தகப்பனுக்கென்றே 5 கிழமை ஒதுக்கியது. அப்படி லீவு கிடைத்த தகப்பன்மார் லீவு முடிந்து சில வருடங்களின் பின்னும் வீட்டு வேலையில் கூடுதல் நேரம் செலவிட்டதாகக் கண்டார்கள். ஜேர்மனியில் 2007 க்கு முன் லீவு எடுத்த தகப்பன்மார் மிகச் சொற்பம், இப்போது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். ஆனால் அநேகமானோர் குறைந்தபட்ச இரண்டு மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தையும் மனைவியோடு சேர்ந்து நின்று கழித்தால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் கணவருக்குக் கிடைக்கக்கூடிய நாட்கள் கொஞ்சம். அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். எல்லாரும் செய்வது போலப் பிரசவத்தோடு அவருடைய லீவை முழுக்க முடித்துவிடாதீர்கள். அந்த நேரம் உங்கள் அம்மா இருப்பார், சித்தி வருவார், அக்கம்பக்கம் நிறைந்திருக்கும். கணவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருட லீவும், திடீர்த் தேவைகளுக்கான 7 நாள் அமய லீவும் இருக்க வேண்டும். அந்த 14 இல் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. ஆஸ்பத்திரிக்கும் பிறப்புப் பதிவுக்கும் அமய லீவில் இரண்டு மூன்று நாள் போதும். தொடர்ச்சியான 7 நாளை, நீங்கள் பள்ளிக்குத் திரும்பும் முதல் கிழமைக்கு வைத்துவிடுங்கள். அந்தக் கிழமை உங்கள் அம்மாவை உங்கள் சகோதரங்களில் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். அவருக்கும் ஓய்வு, இவருக்கும் தப்ப வழி இல்லை. முதல் இரண்டு நாள் வீடு தலைகீழாகக் கிடக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வகுப்பில் இருந்தால் எடுக்க வேண்டாம்.

வருட லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தனியார் நிறுவனங்களில் கடைசி நேரத்தில் கேட்டால் மாத முடிவு, வசூல் இலக்கு என்று ஆயிரம் காரணம் வரும். மூன்று மாதம் முன்பே திகதியோடு கடிதம் கிடந்தால் மறுப்பது கஷ்டம்.

நீங்கள் எப்போது திரும்புவது? முழுச் சம்பள லீவோடு அரைச் சம்பள லீவையும் சேர்த்தால் பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டிவிடும். அதுவரை தாய்ப்பால் மட்டும் என்பது தடங்கல் இல்லாமல் நடக்கும். இதில் கவனிக்க வேண்டியது கடன். ஆசிரியர் சம்பளத்தில் கடன் தவணை கழிபடுகிறது என்றால், அரைச் சம்பளத்தில் தவணை போக மிச்சம் கைக்கு என்ன வரும் என்று இப்போதே சம்பளச் சீட்டை வைத்துப் பாருங்கள். அந்தக் குறைவை உங்கள் தனிச் செலவாக எழுதாதீர்கள். வேலைக்குத் திரும்பியபின் பிள்ளை பார்க்க ஒருவரை வைத்தால் அதற்கும் இதே மாதிரித்தான். "என் சம்பளம் முழுக்கப் பிள்ளை பார்க்கிறவவுக்கே போகுது, பிறகேன் வேலை?" என்று சொல்லி வேலையை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளை இருவருடையது என்றால் அந்தச் செலவும் இரண்டு சம்பளத்திலும்தான் கழிய வேண்டும். அதோடு, இந்த மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் சேவைக்காலம், வருடாந்த சம்பள ஏற்றம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள்.

பகல் பராமரிப்பு நிலையத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் கைக்குழந்தையை எடுக்கிற இடம் கிடைப்பது அரிது. முன்பள்ளி மூன்று வயதுக்குப் பிறகுதான், அதுவும் மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம் உங்கள் அம்மாவில்தான் சாய வேண்டியிருக்கும், அதை மறைக்காமல் ஒத்துக்கொள்வது நல்லது. ஒத்துக்கொண்டால் அவருக்கு என்ன கொடுப்பது என்றும் பேசலாம். மாதா மாதம் கையில் ஒரு தொகை கொடுங்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், இருந்தாலும் கொடுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விசயம். இரவில் கணவர் ஏழுக்கு வந்து சாப்பிட்டபின், எட்டிலிருந்து நடுச்சாமம் வரை பிள்ளை அவருடைய பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பால் குடித்த பிள்ளைக்கு ஏவறை எடுத்து, துணி மாற்றி, ஏணையில் விடுவது அவர். விடியப்புறம் உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மூன்று நாலு மணித்தியாலம் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள், கோயிலோ சினேகிதி வீடோ எங்காவது போங்கள். பிழிந்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். வெளியே 4 மணித்தியாலம் என்பார்கள், வன்னி வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். போத்தல் வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும். கணவருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்படி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கவிடாமல் உள்ளே கூப்பிடுங்கள்.

மாமியாரோடு வாதாடிப் பலனில்லை. அவர் மகன் பிள்ளை தூக்குவதைப் பார்க்கட்டும், ஆறு மாதத்தில் தன் மகன் எப்படிப் பார்க்கிறான் என்று அவரே ஊருக்குச் சொல்லித் திரிவார்.

கடைசியாக, உங்கள் அம்மாவுக்குப் பிரஷர், சீனி கிளினிக் ஏதும் இருந்தால் அந்தத் திகதிகளைக் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள். கணவரிடம் மிஞ்சியிருக்கும் 7 நாள் வருட லீவையும் அமய லீவையும் அந்தத் திகதிகளுக்கு வைத்தால், மாதத்தில் ஒரு நாள் பிள்ளை அவர் கையில் தனியாக இருக்கும், அம்மாவும் தன் கிளினிக்கைத் தவறவிட மாட்டார்.